துணிக்கூரைக்கு எந்தப் பூச்சு? அதற்கு முன் அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்:

இங்கிலாந்தின் லீட்ஸ் பக்கம் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் 2016ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஒன்றைப் பழைய காராக வாங்கினேன். மடித்துத் திறக்கும் கறுப்புத் துணிக்கூரை. கராஜ் கிடையாது, தெருவோரத்தில் ஒரு லிண்டன் மரத்தடியில்தான் நிற்கிறது. கூரை இப்போது சாம்பல் பூத்ததுபோல் இருக்கிறது, தையல் ஓரங்களில் பச்சை படர்ந்திருக்கிறது. வாங்கிய புதிதில் மழைத்துளி முத்து முத்தாக உருண்டு ஓடும். இப்போது துணி நீரைக் குடித்துத் திட்டுத் திட்டாகக் கறுத்துவிடுகிறது. இரண்டு வாரமாகப் பயணி இருக்கைக்குப் பின்னால் தரைவிரிப்பும் ஈரமாக இருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவம் போட்டு இரண்டு முறை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அதன்பிறகு நீர் இன்னும் வேகமாக ஊறுகிறது. நண்பர் கூடாரத்துக்கு அடிக்கும் சிலிக்கோன் ஸ்ப்ரே போதும் என்கிறார். ஒரு கார் பராமரிப்புக் கடையில் 280 பவுண்டுக்கு 'ஐந்து ஆண்டு தாங்கும் செராமிக் பூச்சு' போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். கறுப்புச் சாயம் அடித்தால் புதிதுபோல் ஆகிவிடும் என்றும் படித்தேன். எதைத் தேர்ந்தெடுப்பது? நாலைந்து முறை கனமாக அடித்தால் கசிவு நிற்குமா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. துணி நீரை உறிஞ்சுவது ஒன்று. காருக்குள் தண்ணீர் வருவது இன்னொன்று. முதலாவதால்தான் இரண்டாவது வந்தது என்று எடுத்துக்கொண்டு பூச்சு தேடுகிறீர்கள். இப்படி நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் இந்தக் கணக்கில் பூச்சுக்குக் காசு செலவழித்தால், கூரை பளிச்சென்று இருக்கும், தரைவிரிப்பு ஈரமாகவே கிடக்கும்.

காரணம் கூரையின் கட்டமைப்பில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒற்றைத் துணிபோல் தெரிந்தாலும் அது மூன்று அடுக்கு. மேலே நெய்த துணி. தரமான கூரைகளில் பெரும்பாலும் அக்ரிலிக் இழை. நடுவில் பியூட்டில் ரப்பர் படலம். கீழே உள்துணி. (அங்கே பலரும் இதை 'மொஹேர்' கூரை என்பார்கள், ஆட்டு ரோமத்துக்கும் இதற்கும் இன்று எந்தச் சம்பந்தமும் இல்லை.) மழையை உள்ளே விடாமல் தடுப்பது அந்த நடு ரப்பர். மேல்துணி முழுக்க நனைந்து கனத்துப் போனாலும் ரப்பர் கிழியாதவரை ஒரு சொட்டு கீழே இறங்காது.

அப்படியானால் பூச்சு எதற்கு? மேல்துணியை உலர்வாக வைப்பதற்கு. நனைந்த துணியில் அழுக்கு ஒட்டுகிறது, பாசி வேர் பிடிக்கிறது, தையல் நூல் நாள்கணக்கில் ஈரத்தில் கிடந்து நைகிறது, பனிக்காலத்தில் இழைக்குள் நின்ற நீர் உறைகிறது. இதையெல்லாம் பூச்சு தள்ளிப்போடும். தையல்களில் மட்டும் அது கசிவுக்கும் சற்று உதவும்: ஊசித்துளை ரப்பரையும் துளைத்துக்கொண்டுதான் போகிறது, நூல் விளக்குத் திரிபோல நீரை உள்ளிழுக்கும். அதைத் தாண்டி பூச்சிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் வேலை: வடிகாலைப் பாருங்கள்

இருக்கைக்குப் பின்னால் தரை நனைகிறது, கூரையின் உள்துணியில் ஈரமோ கறையோ இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இந்த அறிகுறிக்கு நான் முதலில் சந்தேகிப்பது வடிகாலைத்தான். கூரையின் பின்பகுதியில் வழியும் மழைநீரை ஒரு காடி (பள்ளமான நீர்வழி) ஏந்தி, இருபுறமும் உள்ள துளைகள் வழியாகக் காருக்கு அடியில் விடுகிறது. மரத்தடியில் நிற்கும் காரில் இலைத் துணுக்கும் பூந்தூளும் மண்ணும் சேர்ந்து சேறாகி அந்தத் துளையை அடைத்துவிடும். அடைத்தால் காடி நிரம்பும்; நிரம்பிய நீர் உள்பக்கமாகத் தரைவிரிப்பில் இறங்கும்.

சோதிப்பது சுலபம். கூரையைப் பாதி தூக்கிய நிலையில் வைத்து, பின்மூலைக் காடிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் சேற்றைக் கையாலோ சிறு வாக்குவம் குழாயாலோ எடுங்கள். பிறகு ஒரு குவளையில் அரை லிட்டர் தண்ணீர் எடுத்து மெல்ல ஊற்றுங்கள். சில நொடிகளில் பின்சக்கரத்தின் அருகே, காருக்கு அடியில் நீர் கொட்ட வேண்டும். ஒரு பக்கம் கொட்டி, இன்னொரு பக்கம் தேங்கினால் விடை கிடைத்துவிட்டது. குவளைதான், ஹோஸ் வேண்டாம். அடைப்பு இருந்தால் ஹோஸ் நீர் முழுவதும் காருக்குள் போகும்.

அடைப்பை எடுக்க வளையும் நைலான் கயிறு போதும். புல்வெட்டும் இயந்திரத்தில் சுற்றும் தடித்த நைலான் நூல் இதற்குக் கச்சிதம். நுனியைத் தீயில் காட்டி மழுக்கிக்கொள்ளுங்கள். திருகி மெல்லச் செலுத்துங்கள், முட்டினால் தள்ளாதீர்கள். கம்பியும் கம்ப்ரஸர் காற்றும் கூடவே கூடாது. குழாயின் இணைப்பு உடலுக்குள்ளே கழன்றுவிட்டால் அடைப்பு நீங்கியதுபோல் தெரியும்; நீரோ கதவின் கீழ்ப்பட்டைக்குள் சேர்ந்து, துருப்பிடித்த பிறகுதான் வெளியே வரும்.

இரண்டு பக்கமும் ஒழுங்காக வடிந்தால் அடுத்தது ரப்பர் பட்டைகள். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் உட்காரட்டும். மற்றவர் ஹோஸை மெல்லிய ஓட்டத்தில் வைத்து, கீழிருந்து மேலாக ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் காட்டட்டும்: முதலில் கதவுக் கண்ணாடியின் பின்விளிம்பு, பிறகு பின்கண்ணாடியின் ஒட்டு, பிறகு பக்கத் தையல், கடைசியில் முன்கண்ணாடிச் சட்டம். மேலிருந்து ஆரம்பித்தால் வழியும் நீர் எல்லா இடத்தையும் நனைத்து, எது ஓட்டை என்று தெரியாமல் போகும். கூரையின் எலும்புச்சட்டம் துணியோடு உரசும் இடங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே இழை தேய்ந்து ரப்பர் தெரிந்தால் எந்தத் திரவமும் அதை மூடாது. கூரை தைப்பவரிடம் ஒட்டுப் போட வேண்டும், பொத்தல் பெரிதானால் கூரையையே மாற்ற வேண்டும்.

பாத்திரம் கழுவும் திரவம் என்ன செய்தது?

நீங்கள் கவனித்தது சரி: அதன்பின் நீர் வேகமாக ஊறுகிறது. எண்ணெய்ப் பசையை நீரோடு கலக்க வைப்பதுதான் அந்தத் திரவத்தின் வேலை. இழைகளுக்கிடையே அது தங்கிவிட்டால், வரும் மழைநீரையும் அப்படியே உள்ளே அழைத்துக்கொண்டு போகும். எஞ்சியிருந்த பழைய பூச்சை இரண்டு முறை தேய்த்ததில் கொஞ்சம் எடுத்திருப்பீர்கள். மீதிக் குற்றம் அலசப்படாத சோப்பினுடையது. புதுப் பூச்சை இதன்மேல் அடித்தாலும் பிடிக்காது. நல்ல பூச்சு வாங்கி அடித்தும் ஒரே மாதத்தில் போய்விட்டது என்று புலம்பும் பலருடைய கதையில், ஓசையின்றி ஒளிந்திருப்பது இந்தச் சோப்புதான்.

சாம்பல் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். லிண்டன் மரத்தில் கோடையில் அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) அண்டும். ஊரில் மாந்தோப்பிலும் பருத்தியிலும் பார்த்திருப்பீர்கள்: இலையில் தேன்போன்ற கசிவு, அதன்மேல் கரும்பூசணம். அதே கசிவு உங்கள் கூரையில் மழைச்சாரல்போல் விழுந்து, பிசுக்காகி, தெருப்புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நல்ல கூரைத் துணிகளில் இழை உருவாகும்போதே நிறம் கலந்துவிடுவதால் சாயம் அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது. ஆகவே அந்தச் சாம்பலில் பெரும்பங்கு அழுக்காகவும் பாசியாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். கழுவி உலர்ந்த பிறகு பார்த்துத்தான் சாயத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கழுவும் முறை: நிழலில் நிறுத்தி, உலர்ந்த நிலையிலேயே மென்மையான பிரஷ் இணைத்த வாக்குவத்தால் தூசியை உறிஞ்சுங்கள். பிறகு நிறைய நீர் விட்டு நனையுங்கள். துணிக்கூரைக்கென்று விற்கும் கிளீனரை அதன் லேபிள் சொல்லும் அளவில் கலந்து, கூரையை நாலு பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றாக, குதிரைமுடி பிரஷ்ஷால் நெசவு போகும் திசையில் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் இழை எழும்பிப் பஞ்சு பூக்கும். ஒரு பாகத்தில் நுரை காய்வதற்குள் அலசிவிடுங்கள். முதல் கழுவலில் நுரை பழுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை மறுபடி செய்யுங்கள். பச்சை உள்ள தையலுக்குத் துணிக்கூரைப் பாசிநீக்கி தனியே கிடைக்கும். குளோரின் பிளீச் வேண்டாம். நூலையும் ரப்பர் பட்டையையும் பெயின்ட்டையும் பதம் பார்க்கும்.

அலசுவதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். நுரை நின்றுவிட்டது என்று தோன்றிய பிறகும் உள்ளங்கையால் துணியை அழுத்திப் பாருங்கள். விரலிடுக்கில் சிறு வெண்குமிழ் எழுந்தால் இன்னும் சோப்பு இருக்கிறது. உங்கள் கூரையில் ஏற்கெனவே இரண்டு முறை போட்டது தங்கியிருப்பதால் முதல் அலசல் நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். பிரஷர் வாஷரைத் தவிர்ப்பது நல்லது. பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் விசிறி முனையோடு, ஓரடிக்குக் குறையாத தூரத்தில், தையலையும் கண்ணாடி ஒட்டையும் நேராகக் குறிவைக்காமல். துடைக்க மைக்ரோஃபைபர் துணி எடுக்காதீர்கள், அதன் பஞ்சு முழுவதும் கூரையில் ஒட்டிக்கொள்ளும். ஸ்பாஞ்ச் அல்லது ஈரம் உறிஞ்சும் வாக்குவம் போதும்.

இனி பூச்சுகளுக்கு வருவோம்

புளூரோ வகை (புளூரின் சேர்ந்த வேதிப்பொருள்): இழையைச் சுற்றி மெல்லிய படலமாகப் படிந்து நீரையும் எண்ணெயையும் ஒருசேரத் தள்ளும். மரக்கசிவு, பறவை எச்சம், வாகனப் புகைக்கரி எல்லாம் வந்து விழும் இடத்துக்கு, திறமையை மட்டும் பார்த்தால் இதுதான் முந்தும். ஆனால் இவ்வகை வேதிப்பொருள்கள் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்குபவை. அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏ 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்ந்தது. 2020 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்குத் தடை. இன்று கிடைப்பவை கார்பன் சங்கிலி குறுகிய மாற்றுகள். அவையும் சுற்றுச்சூழலில் எளிதில் மறைவதில்லை. கூரையைக் கழுவும் நீர் உங்கள் வீட்டுத் தோட்டத்தில் இறங்குமென்றால் இதை எடைபோட வேண்டியது நீங்கள்தான்.

சிலிக்கோன் வகை: நண்பர் சொல்லும் கூடார ஸ்ப்ரே இதுதான். நீரைத் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. கூடாரத்தின்மேல் அசுவினிக் கசிவு மாதக்கணக்கில் விழுவதில்லை. உங்கள் கூரைமேல் விழுகிறது. இன்னொரு தொல்லை, சிலிக்கோன் ஊறிய துணியில் பின்னால் வேறு வகைப் பூச்சோ சாயமோ சரியாகப் பிடிக்காது. கண்ணாடியில் தெறித்தால் வைப்பர் ஓடும்போது எண்ணெய்ப் படலமாக இழுக்கும். மோசமான பொருள் என்று சொல்ல மாட்டேன், உங்கள் இடத்துக்கு இரண்டாம் தேர்வு.

புளூரோ கலக்காத, நீரை அடிப்படையாகக் கொண்ட துணிக்கூரைப் பூச்சு: நெடி குறைவு, தீப்பற்றும் பயமில்லை. எண்ணெய்க் கறை விஷயத்தில் புளூரோ அளவு வராது, சீக்கிரமும் தேயும். அடிக்கடி அடித்துக்கொள்ளத் தயங்காதவருக்கு நிம்மதியான தேர்வு.

'துணி, வினைல் இரண்டுக்கும்' என்று எழுதிய குப்பியை விட்டுவிடுங்கள். வினைல் எதையும் உறிஞ்சாது, அதற்குத் தேவை வெயில் தடுக்கும் மேற்பூச்சு. உங்கள் துணிக்குத் தேவை இழைக்குள் இறங்கும் பொருள்.

சாயம்: கழுவி உலர்ந்த பிறகும் வெளுத்துத் தெரிந்தால் மட்டும். அடித்ததைத் திரும்ப எடுக்க முடியாது. தையல் நூலும் ரப்பர் ஓரமும் சேர்ந்து கறுக்கும், பெயின்ட்டில் தெறித்தது காய்ந்துவிட்டால் பாடுதான். வரிசை: கழுவல், உலர்த்தல், சாயம், மறுபடி உலர்த்தல், கடைசியில் பூச்சு.

என் கணிப்பு இது: மரத்தடியை மாற்ற முடியாத நிலையில், துணிக்கூரைக்கென்றே செய்த புளூரோ வகையை ஆண்டுக்கு ஒருமுறை மெல்லியதாக அடிப்பது பலன் தரும். அது மனதுக்கு ஒப்பவில்லையென்றால் புளூரோ இல்லாத நீர்வகையை ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் செப்டம்பரிலும். இரண்டுமே 280 பவுண்டுக்குப் பக்கத்தில்கூட வராது.

அந்த ஐந்து ஆண்டு செராமிக்

கார் பெயின்ட் போன்ற கடினமான, அசையாத பரப்புக்கு ஐந்து ஆண்டு என்று சொன்னால் ஒரு பேச்சுக்காவது அதில் பொருளுண்டு. துணிக்கூரை மடிகிறது, ஒவ்வொரு முறையும் அதே மடிப்பில் இழையோடு இழை உரசுகிறது. வெயிலும் மழையும் நேராக அதன்மேல்தான். ஆகவே ஐந்து ஆண்டு என்பதை நான் நம்ப மாட்டேன். பெயரில் செராமிக் என்றிருந்தாலும், துணிக்கு அடிப்பவை மேலே சொன்ன வகைகளின் உறவுக்காரர்களாகவே பெரும்பாலும் இருக்கும்.

அவர்களிடமே போவதாக முடிவு செய்தால் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: பொருளின் பெயரும் அதன் பாதுகாப்புத் தகவல் தாளும், அடிப்பதற்குமுன் எவ்வளவு நேரம் உலர்த்துவார்கள், ஐந்து ஆண்டுக்குள் நீர் ஊறினால் என்ன செய்வார்கள். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவையைத் தக்க கவனத்தோடும் திறனோடும் செய்ய வேண்டும் (பிரிவு 49). நீங்கள் நம்பி முடிவெடுக்கும் வகையில் சேவையைப் பற்றி வணிகர் சொன்னது, வாய்வார்த்தையானாலும், ஒப்பந்தத்தின் பகுதியாகும் (பிரிவு 50). மீறினால் மறுபடி செய்து தரக் கேட்கலாம். முடியாவிட்டால் விலைக்குறைப்புக் கேட்கலாம். வாய்ப்பேச்சை நிரூபிப்பது கடினம் என்பதால்தான் எழுத்து. விலை 100 பவுண்டுக்கு மேல் என்பதால் கிரெடிட் கார்டில் செலுத்தினால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் பிரிவு 75 வழியாக வங்கியையும் பொறுப்பேற்கச் சொல்லலாம்.

நீங்களே அடிப்பதென்றால்

துணி எலும்புவரை காய்ந்திருக்க வேண்டும். தொட்டால் உலர்ந்ததுபோல் இருந்தாலும் தையல் மடிப்புக்குள் ஈரம் நிற்கும். காற்றோட்டமுள்ள இடத்தில் முழுதாக 24 மணி நேரம் விடுங்கள். உங்களுக்கு இங்கேதான் இடிக்கும். தெரிந்தவர் கராஜை ஒரு நாளுக்குக் கேட்டு, ஒரு மின்விசிறியை ஓடவிட்டுக் காய வைத்து, மறுநாள் நண்பகலில் வெளியே எடுத்து அடியுங்கள். மூடிய கராஜுக்குள் மட்டும் அடிக்கவே வேண்டாம். நீர்விலக்கி ஸ்ப்ரேயின் நுண்துளிகளை மூச்சில் இழுத்தால் நுரையீரல் உடனடியாகப் பாதிக்கப்படலாம். கரைப்பான் கலந்தவை தீயும் பற்றும். காற்று அசையாத திறந்தவெளி, முகக்கவசம், கையுறை.

கண்ணாடி, பெயின்ட், ரப்பர் ஓரம் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பும் பிளாஸ்டிக் விரிப்பும் கொண்டு மூடுங்கள். உங்கள் கூரைக்கு இரண்டு முறை அடிக்க அரை லிட்டர் வழக்கமாகப் போதும். சுமார் 15 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, பட்டை பட்டையாக, ஒவ்வொரு பட்டையும் முந்தையதன் பாதியை மூடும்படி, சீராக ஈரமாகும் அளவு அடியுங்கள். சொட்டு நின்றால் ஸ்பாஞ்சால் பரப்பிவிடுங்கள். லேபிளில் சொன்ன இடைவெளி விட்டு இரண்டாம் முறை, முதல் முறைக்குக் குறுக்கான திசையில். தையல்மேல் மட்டும் சிறு பிரஷ்ஷால் கூடுதலாக ஒருமுறை.

நாலைந்து முறை கனமாக அடிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கு மேல் போனால் இழை பிடிக்க முடியாதது மேலேயே தங்கிப் பிசுபிசுக்கும். கறுப்புத் துணியில் வெள்ளை வரியாகக் காயும். மடிப்பில் வெடித்துப் பொடியாக உதிரும். காயும்வரை கூரையை மடிக்க வேண்டாம், குறைந்தது ஒரு நாள் மழையும் படக் கூடாது.

இப்போது அக்டோபர். வெப்பநிலை லேபிளில் குறித்த அளவுக்குக் கீழே இருந்தால் நீர்வகைப் பூச்சு இழையில் ஒழுங்காகப் படியாது. தொடர்ந்து இரண்டு உலர்நாள் வாய்த்தால் அடியுங்கள். வாய்க்காவிட்டால் வடிகாலும் கழுவலும் மட்டும் இந்த மாதம், பூச்சு ஏப்ரலில். ஒரு குளிர்காலம் பூச்சில்லாமல் போவதால் சுத்தமான கூரைக்குப் பெரிய கேடில்லை. ஈரத்துணிமேல் அடித்தால் காசும் போய், உழைப்பும் போகும். அதுவரை எச்சம் விழுந்தால் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டுவைத்து ஊறியபின் தூக்குங்கள், சுரண்டாதீர்கள். தானியங்கிக் கழுவகத்தில் வேக்ஸ் சேர்ந்த திட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த மெழுகு துணியில் வெண்படலமாக நிற்கும்.

நனைந்த தரைவிரிப்பை வடிகால் வேலை முடிந்த அன்றே தூக்கிப் பாருங்கள். மேற்பரப்பு காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அடியில் உள்ள மெத்தை நீரை விடாது. கண்ணாடி காலையில் உள்பக்கம் மூடுபனி பிடிப்பதும், பூஞ்சை வாடையும் அதனால்தான். அடியில் மின்கம்பிகளும் ஓடுகின்றன. இருக்கையை முன்னுக்குத் தள்ளி, விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, கீழே ஒரு மரக்கட்டையை வைத்து, ஈரம் உறிஞ்சும் வாக்குவத்தால் எடுத்தபின் இரண்டு மூன்று நாள் விசிறிக் காற்றில் விடுங்கள். பிறகு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். அடுத்த பெருமழைக்குப் பின் தாள் மொறுமொறுவென்று இருந்தால் வடிகால் வேலை சரியாக முடிந்தது. நனைந்திருந்தால் அது எந்த மூலையில் நனைந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, படத்தோடு மறுபடி எழுதுங்கள்.